அணைத்ததில் முறிந்த விலா எலும்பு

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ‘ஐஸ்’ என்று பெயர். வயதில் சின்னவர்கள் ஐஸ் அக்கா என்பார்கள். மறுமுனையில் யார் எப்படிக் கதறினாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. “சொல்லுங்க. மூச்சு இருக்கா? நெஞ்சு ஏறி இறங்குதான்னு மட்டும் பாருங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்.” கடையில் காய்கறி விலை கேட்பது போலக் கேட்பாள். அந்த நிதானத்தைக் கேட்டே பாதிப் பேர் அழுகையை நிறுத்திவிடுவார்கள்.

அந்த அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் திரைகள், தலைக்கு மேலே குழல்விளக்குகள், எந்நேரமும் ஓடும் ஏசி. வெளியே மழையா வெயிலா என்பது வண்டி ஓட்டுபவர்கள் வந்து சொன்னால்தான் தெரியும்.

ஒருநாள் ஒரு பெண் பேசினாள். அவளுடைய அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டார். ஐஸ் தெருப் பெயரைக் கேட்டு வண்டியை அனுப்பிவிட்டு, மார்பில் எங்கே கை வைக்க வேண்டும், எப்படி அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதே பெயரில் ஊருக்குள் இன்னொரு தெருவும் இருந்தது. வண்டி அங்கே போய் நின்றது. சரியான வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண் கத்தவில்லை, திட்டவில்லை. “இனிமே அழுத்த வேண்டாமா?” என்று மட்டும் கேட்டாள்.

விசாரணையில் ஐஸ்மேல் தப்பில்லை என்று முடிவானது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், அவளைத் தவிர. அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு அவள் கேட்டுக் கேட்டு நீண்ட ஷிப்ட்டாக வாங்கிக்கொண்டாள். விடிவதற்கு முன் போவாள், இருட்டிய பிறகு வருவாள். முன்பெல்லாம் பஸ் நிலையம் வரை நடந்து போனவள், இப்போது பக்கத்துத் தெரு சகஊழியரின் காரில் ஏறி நேராகத் தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்திலேயே இறங்கிக்கொண்டாள். லீவு நாளில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுப் படுத்தால் எழுந்திருப்பதில்லை. சாப்பாடு என்றால் டீயும் பிஸ்கட்டும். கணவன் தட்டில் போட்டு நீட்டினால், “அங்க வைங்க, அப்புறம் சாப்பிடறேன்” என்பாள். அந்த அப்புறம் வரவே வராது.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன். வீட்டுக்குள் கொசு வந்தால்கூட விசிறியால் வாசல் வரை வழியனுப்புவானே தவிர அடிக்க மாட்டான். “டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிட்டு வந்துடலாமே” என்று தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தான்.

“எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. மனசுதான் சரியில்ல. தானா சரியாகும்.”

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. முதலில் தொடை வலித்தது. பிறகு கெண்டைக்கால் எலும்பை யாரோ உள்ளிருந்து அரத்தால் ராவுவது போல இருந்தது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கினாள். நடையே மாறிப்போனது. “என்னக்கா, வாத்து மாதிரி அசைஞ்சு வர்றீங்க?” என்று அறையின் மேற்பார்வையாளர் சிரித்தார். அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. எல்லாரும் மொட்டை என்பார்கள். அவளும் சிரித்து வைத்தாள். இருமும்போது விலாவில் சுருக்கென்று குத்தினால், ராத்திரி கோணலாகப் படுத்திருப்போம் என்று நினைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. டென்ஷன்.

வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகள் தேர்வு முடிந்து வந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து, “அம்மா!” என்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த குச்சியை மிதித்தது போல.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. மகள் கைகளை விரித்தபடியே பின்னால் நகர்ந்தாள். “நான் என்னப்பா பண்ணேன்? நான் சும்மாதானே கட்டிப்பிடிச்சேன்?” அவள் வேலை பார்க்கும் இடத்துக்கே போன் போட வேண்டும் என்பதுகூடக் கணவனுக்குத் தோன்றவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பெண் டாக்டர் படத்தை இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கணவனிடம், “நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்றார். மகளை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இன்னைக்கு முறிஞ்சது ஒரு எலும்பு. ஆனா படத்துல வேற விலாக்கள்லயும் விரிசல் தெரியுது. எல்லாம் பழசு. ஒவ்வொண்ணும் வேற வேற சமயத்துல ஆனது.” டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்ல யாராவது அடிக்கிறாங்களா?”

ஐஸுக்குக் கேள்வி புரியவே ஒரு கணம் ஆனது. புரிந்ததும் ஆயிரம் பேரை அமைதிப்படுத்திய அந்தக் குரல் உடைந்தது. “யாரு? அவரா? ஐயோ, டாக்டர்!”

தானும் இப்படிப்பட்ட பதில்களைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறோம், கேட்டுவிட்டு நம்பாமல் இருந்திருக்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டரும் நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்தது. அதைவிடப் பெரிய அடி பக்கத்தில் இருந்தது. மகள் கதவின் கண்ணாடி வழியாக, வெளியே பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வார்டில் நர்ஸ் ஒருத்தி, கணவன் அவள் கட்டிலருகே போகும்போதெல்லாம் ஏதாவது வேலையாக வந்து நின்றாள். அவனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. வாங்கிவந்த டீயை மேஜையில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டான்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் இந்தத் தடவை மூன்று பேரையும் உட்காரவைத்தார். முதலில் கணவனைப் பார்த்து, “ஐயா, நேத்து உங்களத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கணும்” என்றார். பிறகு அவளிடம் திரும்பினார். “உங்க உடம்புல வைட்டமின் டி கிட்டத்தட்ட இல்லவே இல்ல. மிஷின் அளக்கக்கூடியதுக்கும் கீழ காட்டுது. அது இல்லாம சாப்பாட்டுல இருக்கிற கால்சியம் எலும்புல போய்ச் சேராது. எலும்பு மெத்துன்னு ஆயிடும். இருமினாலே விரிசல் விடும்.”

“வைட்டமினா?” என்று கேட்ட மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“கடைசியா வெயில் எப்ப பட்டுது உங்க மேல?” என்று டாக்டர் கேட்டார்.

ஐஸ் யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. வெயில் கொளுத்துகிற ஊர்தான் அது. இருந்தும் சூரியனை நேருக்கு நேர் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளால் சொல்ல முடியவில்லை. டாக்டர் தோண்டித் துருவிக் கேட்க, அந்தத் தெருவின் கதை முதன்முதலாக வெளியே வந்தது. கணவனுக்கே அதில் பாதி புதிது. இனிமே அழுத்த வேண்டாமா என்று அந்தப் பெண் கேட்டதை அவன் அப்போதுதான் கேள்விப்பட்டான்.

“அப்ப இந்த டென்ஷன்தான் எலும்பைத் தின்னுதா டாக்டர்?” என்றான்.

“அப்படி நேராச் சொல்ல முடியாது. மன அழுத்தம் அவங்கள இருட்டுல உக்காரவெச்சுது, சாப்பாட்டை நிறுத்துச்சு, அதனால சத்து குறைஞ்சிருக்கு. சத்து குறைஞ்சவங்களுக்கு மனசும் சோர்ந்து போறதை நாங்க நிறையப் பாக்கறோம். எது எதை இழுத்துச்சுன்னு இன்னும் யாராலும் அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா ஒண்ணு. எல்லாம் மனசுதான்னு நினைச்சு எலும்பை விட்டுட்டீங்க. இப்ப எல்லாம் எலும்புதான்னு நினைச்சு மனசை விட்டுடாதீங்க. மருந்து எலும்பைப் பாத்துக்கும். அந்தத் தெருவைப் பத்தி நீங்க ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசித்தான் ஆகணும்.”

வெளியே வந்ததும் மகள் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். “அப்பா, நேத்து நான் ஒரு நிமிஷம்...”

“தெரியும்டா.”

“எப்படிப்பா என்கிட்ட ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?”

“நானே என் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன்மா. தூக்கத்துல கீக்கத்துல நான்தான் ஏதாவது பண்ணிட்டேனோன்னு.” அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. அந்த வராந்தாவிலேயே அப்பாவும் மகளும் விசும்பி விசும்பி அழுதார்கள். நேற்று அவனைக் காவல் காத்த நர்ஸ், ஒன்றும் பார்க்காதது போலக் கடந்து போனாள்.

குணமாகப் பல மாதங்கள் ஆயின. மருந்து, கால்சியம், ஒழுங்கான சாப்பாடு. ஷிப்ட் குறைந்தது. வாரத்துக்கு ஒருமுறை மனநல ஆலோசகரிடம் போனாள். முதல் சில வாரங்கள் அங்கேயும் ஐஸ் மாதிரியேதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் உருகினாள். அன்று அவரிடமிருந்த கைக்குட்டைகளும் போதவில்லை. கால்வலி முதலில் போனது. தூக்கம் தாமதமாக வந்தது.

அவள் சொல்லித்தான் கட்டுப்பாட்டு அறையில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று ஆளுக்கு ஆள் தாளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வைட்டமின் டி குறைவு. மேற்பார்வையாளர் மொட்டை, தன் தாளை வைத்துக்கொண்டு தன் தலையையே தடவிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர்தான் சண்டைக்கு வந்தார். “நான் நாள் முழுக்க வெயில்லதானேம்மா சுத்தறேன்! எனக்கு எப்படி?”

“கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசிக்குள்ள உக்காந்து சுத்தறீங்கண்ணே” என்றாள் அவள். “நமக்கு வேண்டிய வெயில் கண்ணாடியத் தாண்டி உள்ள வராதாம். எனக்கும் இப்பத்தான் தெரியும்.”

ஓய்வறையைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லி எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு நிர்வாகம் மாற்றிக்கொடுத்தது.

அவள் இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறாள். சில நாள் யாராவது அந்தத் தெருப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். “எந்தப் பக்கத்துல இருக்கிற தெரு? பக்கத்துல என்ன கடை?” என்று இரண்டு தரம் கேட்டு வண்டியை அனுப்புவாள். அழைப்பு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கை ஊன்றாமல் எழுந்து மேலே போவாள். மூச்சு சமப்படும் வரை வெளியே நின்றுவிட்டு வருவாள். ஏன் போனாய் என்று யாரும் கேட்பதில்லை.