தாம்போதியில் நின்றுபோன எஞ்சின்

போன ஆண்டு, சோளகக் காற்று பலமாக வீசிய ஒரு பின்னேரம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதி வீதியில், இருபக்கமும் கடல் கிடக்க, என் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டது. நயினாதீவில் அம்மாவுக்குக் காலையிலிருந்து மூச்சு இழுப்பு. அங்கே கிடைக்காத மருந்தை யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். குறிகாட்டுவான் துறையிலிருந்து தீவுக்குப் போகும் கடைசிப் படகு புறப்பட அதிக நேரமில்லை.

உதைத்தால் எஞ்சின் ஓடும். அக்சிலேற்றரைத் தளர்த்தினால் இருமி நின்றுவிடும். முறுக்கிக்கொண்டே கியரைப் போட்டாலும் அதே கதைதான்.

அப்போது ஒரு வான் வந்து நின்றது. நயினாதீவு புத்த விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு. கூரையில் பாய், தலையணை. உள்ளே கால் வைக்க இடமில்லை. சாரதி இறங்கி வந்தார். எனக்குச் சிங்களம் வராது. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான்.

"எங்க போறது?"

"நயினாதீவு. அம்மாவுக்கு வருத்தம்," என்று மருந்தைக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. ஓடிப்போய் ஒரு ஸ்குரூ ட்ரைவரோடு வந்து காபரேட்டருக்குப் பக்கத்தில் குந்தினார். பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. குண்டும் குழியுமான வீதியில் குலுங்கி, அது இடம் விலகியிருந்தது. என்னை அக்சிலேற்றரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். காற்றின் இரைச்சலிலும் வானுக்குள் பாடிக்கொண்டிருந்த பாட்டிலும் எஞ்சின் சத்தம் அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பி ஏதோ சொன்னார். பாட்டு நின்றது. ஒரு தாய் தன் குழந்தையின் வாயை மெல்லப் பொத்தினார். வானிலிருந்த அத்தனை பேரும் என் எஞ்சினுக்குக் காது கொடுத்துக் காத்திருந்தார்கள்.

"மெதுவா விடு," என்றார். கையைத் தளர்த்தினேன். எஞ்சின் திக்கியது. இன்னும் சற்றுத் திருப்பினார். பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

நான் நன்றி சொல்ல வாயெடுக்குமுன், "போ, போ! அம்மா!" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

துறையில் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளைக் கரையில் விட்டுவிட்டுப் பாய்ந்து ஏறி, படகோட்டியிடம் கெஞ்சினேன்.

"அண்ணை, பின்னால ஒரு வான் வருகுது. எனக்காகத்தான் வழியில நிண்டவை. கொஞ்சம் பொறுங்கோ."

"காத்து எழும்பீட்டுது தம்பி, இனிப் பொறுக்க ஏலாது. நீர் மருந்தோட வந்திருக்கிறீர். அவை நாளைக்கும் வரலாம்."

படகு விலகிய பிறகுதான் வான் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவராக இறங்கிக் கரையில் நின்றார்கள். நான் கத்தியது காற்றில் அவர்களுக்குக் கேட்டிருக்காது. கோபத்தோடு திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். சாரதி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். பிறகு எல்லோரும் ஆட்டினார்கள்.

மருந்தை இழுத்ததும் அம்மாவின் மூச்சு மெல்லச் சீரானது. நடந்ததைச் சொன்னேன்.

"அந்தச் சாரதிப் பிள்ளையின்ர பேர் என்னடா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் முதல் படகிலிருந்து ஒவ்வொரு படகாக நயினாதீவுத் துறையில் நின்று பார்த்தேன். அவர்கள் வரவில்லை.

எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்களோ, கும்பிட வந்த இடத்தைக் கண்ணெதிரே விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதனால்தான் இப்போது எங்கள் தீவுக் கோயிலில் அம்மனின் முன்னால் நிற்கும்போதெல்லாம், அவர்களுக்கும் சேர்த்தே கும்பிடுகிறேன்.