நாலு தட்டு

போன மாதம் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனிக்குள் சாப்பிட்டேன். தங்கை மகனுக்கு அங்கே வேலை. வருஷத்தில் ஒரு நாள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். ஓசிச் சோறு என்றால் நான் முதல் ஆளாக நிற்பவன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏசி போட்ட கேன்டீன். வெளியே போகும் வாசலில் ஒரு இயந்திரம். அதில் சிரிக்கிற முகம், உம்மென்ற முகம், அழுகிற முகம் என்று மூன்று பொத்தான்கள். சாப்பாடு எப்படி இருந்தது என்று ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அந்த முகங்களில் மனம் போகவில்லை. கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சூடு ஆறாத தட்டு. பாத்திரம் கழுவும் சோடாமாவும் புளித்த மோரும் கலந்த வாசனை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த வாசனையை மட்டும் எந்தக் கம்பெனியும் மாற்றவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்த மே மாதத்தில் எங்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தயங்கிய காலம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சாம்பாரைப் பற்றி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில், ஒரகடத்துக்குச் சற்று முன்னால், பம்புக்கு வார்ப்படம் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. சுற்றிலும் ஏரியும் சவுக்குத் தோப்பும்தான். உள்ளே முந்நூறு பேர். கேன்டீனை ஒரு கான்ட்ராக்டர் எடுத்து நடத்தினார். அவரிடம் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அதைத் தவிர வேறு யோக்கியதை கிடையாது.

அங்கே எங்களுக்குப் பெயர் இல்லை. தூக்குகிற வாளிதான் பெயர். நான் சாம்பார். எனக்குப் பின்னால் வருகிறவர் ரசம், அடுத்து மோர். கூட்டுக்கு ஒருவர், பொரியலுக்கு ஒருவர். "டேய் சாம்பார், செவிடா நீ?" என்று கூடத்தின் கோடியிலிருந்து கூப்பிடுவார்கள். என் அம்மா வைத்த பெயரை யாராவது சொல்லியிருந்தால் நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன், அவ்வளவு பழகிவிட்டது.

சோறு என்பது எஸ்தர் அக்கா. சேரப்பணஞ்சேரிக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், இரண்டு பெண் பிள்ளைகள். அந்தப் பெரிய வாளியை இடுப்பில் அணைத்தபடி ஒரு பெஞ்சு முழுக்கப் போட்டு முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். கை அளவு தப்பாது. அவரிடம் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சிலர் சாப்பிட வருவார்கள்.

வார்ப்படக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. காலையிலிருந்து உலைக்கு முன்னால் வெந்துவிட்டு, சூப்பர்வைசரிடம் அம்மா அக்கா என்று வசவு வாங்கிக்கொண்டு சாப்பிட வருகிறவர்கள். தங்களுக்குக் கீழே ஒருத்தன் கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கேன்டீன்தான். ஃபிட்டர் மணவாளன் என்று ஒருவர். அப்பளம் நமுத்திருக்கிறதா என்பதை என் தோளில் உடைத்துத்தான் பார்ப்பார். நொறுங்கினால் பெஞ்சே சிரிக்கும். நொறுங்காவிட்டால் இன்னும் அதிகமாகச் சிரிக்கும்.

இதெல்லாம் பரவாயில்லை. தட்டுக் கவிழ்ப்பு என்று ஒரு வழக்கம் இருந்தது. சோற்றில் கல்லோ முடியோ கிடைத்தால், தட்டைச் சோறும் குழம்புமாக அப்படியே பெஞ்சின் மேல் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். யூனியன் ஏதோ ஒரு காலத்தில் போராடி வாங்கிய உரிமை அது. கேன்டீன் கமிட்டிக்காரர் வந்து பார்க்கும்வரை அந்தத் தட்டைத் தொடக் கூடாது. அந்த வரிசைக்குச் சோறு போட்டவர் கையைக் கட்டிக்கொண்டு தட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இதற்குச் 'சாட்சி நிற்பது' என்று பெயர். கமிட்டிக்காரர் நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, பீடி பிடித்துவிட்டு வருவார். அந்தக் கமிட்டிக்காரர் வேறு யாருமில்லை, நம் அப்பளம் மணவாளன்தான். முதல்நாள் கிரிக்கெட்டில் தோற்றதற்கெல்லாம் தட்டுக் கவிழ்ந்திருக்கிறது. ஒரு வாரத்தில் ஐந்து முறை சாட்சி நின்றார் எஸ்தர் அக்கா. ஐந்தாவது முறை குழம்பு வழிந்து அவர் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது. காலை நகர்த்தாமல் நின்றார்.

அன்று பாத்திரம் கழுவுமிடத்தில் அவர்தான் பேச்சை எடுத்தார். "அவங்களுக்கு ஒரு சங்கம் கீதுல்ல? நம்மளும் அதுல சேந்துட்டா நம்மள நிக்க வெப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "யாருகிட்டக்கா போயி கேக்கறது? மணவாளன்கிட்டயா?"

"அவன்கிட்டதான். கேட்டாண்ட நின்னுகினு தொழிலாளி தொழிலாளின்னு தொண்ட கிழிய கத்துறான்ல? நம்ம இன்னா, மொதலாளியா?"

மடக்க முடியாத கேள்விதான். மனு எழுதும் வேலை முத்தான கையெழுத்துக்காரனிடம் வந்தது. கேட்டது மூன்றே விஷயம். எங்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும், வாரம் ஒரு நாள் லீவு வேண்டும், சாட்சி நிற்பதை எடுக்க வேண்டும். கீழே ஒன்பது பேரின் பெயர். எழுதி முடித்ததும்தான் எனக்கு அந்த மகா யோசனை தோன்றியது. இந்தப் பெயர்களைப் பார்த்தால் சங்கத்தில் யாருக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வாளியின் பெயரை எழுதினேன். எஸ்தர், சோறு. கன்னியப்பன், ரசம். பார்த்தவர்கள் எல்லாரும் இதுதான் சரி என்றார்கள்.

பத்தாவதாக என் பெயர் வந்திருக்க வேண்டும். தாளில் இடம் இல்லை. பின்பக்கம் எழுதியிருக்கலாம். எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது என்று அன்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா என்று இன்றைக்கு யாராவது சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

மணவாளன் சாப்பிட்டுக்கொண்டே படித்தார். தாளின் ஓரத்தில் ரசம் சொட்டியது. படித்து முடித்து, "கவலப்படாதக்கா. உங்களுக்கு ஒண்ணுன்னா ஒரே நாள்ல முந்நூறு தட்டையும் கவுத்துடுவோம், பாத்துகினே இரு" என்றார். அக்கா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எஸ்தர் அக்கா இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை கேட்டில் கான்ட்ராக்டர் நின்றார். அவருக்கும் எங்கள் பெயர் தெரியாது. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "சோறு, ரசம், மோர், கூட்டு, எல்லாம் அப்டியே வெளிய நில்லு" என்று படித்தார். தாளின் ஓரத்தில் ரசக் கறை இருந்தது. யார் கொடுத்தது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? ஒன்பது பேரையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாம்பார் பேரு இல்ல. நீ உள்ள போ." போனேன். எஸ்தர் அக்கா என் முதுகில் தட்டி, "உள்ள ஒரு ஆள் இருக்கறது நல்லதுதான். எத்தினி தட்டு கவுருதுன்னு வந்து சொல்லு" என்றார்.

இன்னொரு கேன்டீனிலிருந்து வேனில் ஆட்கள் வந்தார்கள். என் கையில் எஸ்தர் அக்காவின் வாளியைக் கொடுத்தார்கள். புதன்கிழமை என்றால் கத்தரிக்காய்க் கூட்டு. அன்றைக்கு மட்டும் முட்டை பிரியாணி, சேமியா பாயசம். கேன்டீன் கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. முந்நூறு தட்டு கவிழ்ந்தால் ரோட்டுக்கே கேட்கும். வெளியே ஒன்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு கன்னியப்பன் சொன்னார்.

பெஞ்சு பெஞ்சாகப் போட்டேன். ஒவ்வொரு பெஞ்சையும் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மணவாளன் தட்டை நீட்டி, "டேய் சாம்பார், அடில இருந்து அள்ளிப் போடு, மசாலா அங்கதான் கீது" என்றார். கையில் வாளி மாறியும் நான் சாம்பார்தான். அடியிலிருந்து அள்ளிப் போட்டேன். முந்நூறு தட்டும் கழுவவே தேவையில்லாத மாதிரி வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தன. கடைசியில் நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றே ஒன்றைக் கவிழ்க்க அப்போதும் வழி இருந்தது. பசி, பயம் என்று என்னென்னவோ சொல்லலாம். பாயசம் இரண்டு முறை வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்டுக்குப் போனேன். எஸ்தர் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சத்தமே கேக்கலியேப்பா. எத்தினி கவுந்துச்சி?"

அந்த முகத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாலுக்கா" என்றேன்.

"நாலா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு பேரு நமக்காவ பட்டினி கெடந்தாங்களா! நாளைக்கு நாப்பது கவுருதா இல்லியா பாரு."

சாயங்காலம் கான்ட்ராக்டர் ஆள் அனுப்பினார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் மறுநாளே வேலை, இல்லாவிட்டால் இன்றோடு சரி. எட்டுப் பேரும் கைநாட்டும் கையெழுத்துமாகக் கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்தவன் நான்தான், வேறு யார்? எஸ்தர் அக்கா மட்டும் மாட்டேன் என்றார். "அந்த நாலு பேரு மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நின்றார். தினமும் நான் உள்ளே போகும்போது விரலை மடக்கி எத்தனை என்று சைகையில் கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். திரும்பிப் போன எட்டுப் பேரின் வரிசையில் தினம் ஒரு தட்டு கவிழ்ந்தது, வெறும் வேடிக்கைக்கு. சோற்று வாளி இப்போது கன்னியப்பனிடம். அவர் கையைக் கட்டிக்கொண்டு சாட்சி நிற்க, மணவாளன் "சங்கத் தலைவரே, வணக்கம்" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். பதின்மூன்றாம் நாள் கேட்டில் எஸ்தர் அக்கா இல்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். நான் பார்க்காததுபோல நழுவப் பார்த்தேன். அவரே "சாம்பாரு" என்று கூப்பிட்டார். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கக்கூஸ் கழுவுவதாகச் சொன்னார். பெரிய பெண் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனதைச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். வண்டி வருகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்த நாலு பேரு யாருப்பா? ஒரு தபா பாத்து கும்புடணும்னு கீது."

"மூணு பேரு யாருன்னு தெரியலக்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒண்ணு என்னுது."

அவர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி வந்து ஏறிப் போய்விட்டார். நான் அடுத்த இரண்டு வண்டிகளையும் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னைவிடக் கேடுகெட்ட ஒருவனை அந்த ஸ்டேஷன் பார்த்திருக்காது.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் புதுக் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். சவுக்குத் தோப்பு போய்விட்டது, ஏரியில் பாதி போய்விட்டது. மணவாளனுக்குச் சக்கரை வியாதி வந்து காலை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமாக இல்லை. எஸ்தர் அக்கா செத்துப்போனதைச் சேரப்பணஞ்சேரி ஆள் ஒருவர் பஸ்ஸில் போகிறபோக்கில் சொன்னார். தட்டுக் கவிழ்ப்பு என்றால் இன்று யாருக்கும் தெரியாது. அழுகிற முகத்தை அமுக்கினால் போதும்.

போன மாதம், அந்த ஏசி கேன்டீனில், எதிரே பரிமாறிய பெண்ணின் சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு தட்டைச் சோறும் குழம்புமாக மேஜையின் மேல் கவிழ்த்தேன். தங்கை மகன், "இன்னா மாமா பண்ற, மானம் போவுது" என்று எழுந்துவிட்டான். அந்தப் பெண் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "இன்னா சார், எதுனா கெடந்துச்சா சார்? சூப்பர்வைசர் வந்துடுவாரு, சொல்லிடாதீங்க சார்" என்றாள். நன்றாகத்தான் இருந்தது, உன் மேல் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சூப்பர்வைசர் வந்துகொண்டிருந்தார். அந்த வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தானாகவே கையைக் கட்டிக்கொண்டு தட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.