மெட்டிக்கு அடியில்

என் கணவரின் வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. அவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கு வேலை. நாள் முழுக்கப் பாதுகாப்பு பூட்ஸுக்குள் வெந்த காலோடு வீட்டுக்கு வருவார், சாக்ஸை உருட்டிச் சோபாவுக்கு அடியில் தள்ளுவார். நகத்தைப் பற்றிக் கேட்டால், "பெட்டி விழுந்த அடி, தானா போயிடும்" என்பார். எந்தப் பெட்டி, எப்போது விழுந்தது என்று மட்டும் சொல்லத் தெரியாது.

சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குளியலறை வாசலில் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். இரண்டு பேருக்கும் அதுதான். கால் துடைக்கவும் ஒரே கால்மிதி. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இதையெல்லாம் பிரித்துக்கொள்ளத் தோன்றியதே இல்லை. அவர் காலில் இருந்த பூஞ்சை அந்தச் செருப்பு வழியாகத்தான் என் காலுக்குக் குடிவந்திருக்க வேண்டும். வந்தது நேராக என் மெட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில் அரிப்புதான். வெள்ளிக்கிழமைகளில் கோவில் வாசல் குழாயில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு உள்ளே போவேன். வீடு திரும்பும்வரை மெட்டிக்கு அடியில் அந்த ஈரம் காயாது. தோல் வெளுத்து, ஊறி, உரிய ஆரம்பித்தது. நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவள். பூஞ்சைக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்லிக் கொடுப்பவள். என் காலுக்கு என்று வந்தபோது மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து விரலிடுக்கில் அப்பினேன். பூஞ்சைக்கு விருந்து வைத்த கதையாகிவிட்டது. ஒரே வாரத்தில் விரலிடுக்கு வெடித்தது. எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

அரசு மருத்துவமனையான பாலிகிளினிக்கில் என் காலைப் பார்த்த தாதி, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கையுறை போட்ட விரலால் இடுக்கை விரித்துப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"ஆன்ட்டி, இந்த ரிங்க கழட்டணும் லா. அடியில காத்தே போகல. கிரீம் போட்டாலும் வேலை செய்யாது."

"கழட்டாம ஏதாவது வழி இருக்காம்மா?"

"உங்களுக்கு டயபெடிஸ் இருக்கு ஆன்ட்டி. இந்த வெடிப்பு வழியா கிருமி உள்ள போச்சுன்னா கால் முழுக்க வீங்கிடும். அட்மிட் பண்ற மாதிரி ஆயிடும். விரலுக்கே ஆபத்து. சீரியஸ் ஆன்ட்டி."

நன்றாகத் தலையை ஆட்டினேன். கிரீமை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மெட்டியைக் கழற்றவில்லை.

கணவன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதையெல்லாம் நம்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் போன வருடம் அவர் சாப்பாட்டு மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததைப் பார்த்தேன். ஸ்டென்ட் வைத்த பிறகு நன்றாகத்தான் நடமாடுகிறார். இருந்தாலும் மெட்டியைத் தொட்டாலே அந்த முகம் கண்முன் வந்துவிடும், கை பின்வாங்கிவிடும். பயம்தான், வேறொன்றுமில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு வெள்ளிக் கடைக்குப் போய், கழற்றாமலே இதைத் தளர்த்த முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் குனிந்து என் விரலைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வர வேண்டிய இடம் இது இல்லக்கா" என்றார்.

அன்று மாலை நான் நொண்டுவதைப் பார்த்து என் கணவர் கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருக்காகப் போட்டிருக்க?"

"உங்களுக்காகத்தான்."

"அப்ப நானே கழட்டுறேன். போட்டு விட்டவன் நான்தானே?"

சோப்புத் தண்ணீரும் முக்காலியும் கொண்டுவந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று அம்மியில் வைத்த காலை அவர் இப்படித்தான் பிடித்திருந்தார், தளும்பும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல. மெட்டியைச் சுற்றிச் சுற்றி மெதுவாக இழுத்தார். வலி ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மற்றக் கால் மெட்டியையும் கழற்றி, இரண்டையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதோ பாரு, இருக்கேன்ல?" என்றார்.

அழுதுகொண்டே அவர் சாக்ஸைப் பிடித்து இழுத்தேன். "முதல்ல இந்தப் பெட்டி விழுந்த நகத்த டாக்டர்கிட்ட காட்டுங்க."

காட்டினார். நகத்தைக் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பூஞ்சையேதான். இதய மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று பார்த்த பிறகே மாத்திரை கொடுத்தார்கள். நல்ல நகம் முழுதாக வளர ஒரு வருடம்கூட ஆகலாமாம். வீட்டில் செருப்பு இரண்டு ஜோடியானது, கால்மிதியும் இரண்டானது. பூட்ஸும் இரண்டு ஜோடியாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ந்தது. சாக்ஸ் ஒருவழியாகச் சோபாவை விட்டுக் கொதிநீருக்கு வந்தது.

மெட்டி இல்லாத முதல் நாள் நான் அவருக்கு ஒன்பது முறை செய்தி அனுப்பினேன். சாப்பிட்டீங்களா, மழையா, பஸ் கிடைச்சுதா. மனிதர் புரிந்துகொண்டார். மறுநாள் மூன்று மணிக்குத் தேநீர் இடைவேளையில் அவரே அனுப்பினார்: "இருக்கேன். விரலிடுக்கத் துடைச்சியா?" அதன் பிறகு தினமும் அதே செய்தி, அதே மூன்று மணிக்கு. நானும் துடைத்தேன். ஆறிவிட்டதுபோல் தெரிந்த பிறகும் தாதி சொன்னபடி இன்னும் இரண்டு வாரம் கிரீம் போட்டேன்.

விரல் முழுதாக ஆறியது. தளர்வான மெட்டியாகப் பகலில் போட்டுக்கொள்ளலாம், குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிட வேண்டும் என்றாள் தாதி. புதிதாக வாங்கி, அவர் கையாலேயே போட்டுக்கொண்டேன். அன்றிரவு தூங்கும் முன் கழற்றவும் காலையில் திரும்பப் போடவும் அவரையே கூப்பிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்குச் செய்தி வரவில்லை. மூன்றே காலுக்கும் வரவில்லை. காலில் புது மெட்டி மின்ன, ஆசிரியர் அறையில் நின்றபடி கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தார்.

"மெசேஜ் எங்க?"

"மெட்டிதான் போட்டாச்சே, இனிமே எதுக்குன்னு..."

"மெட்டி கிடக்கு! அதுவா எனக்கு பதில் சொல்லும்? ஒழுங்கா மெசேஜ் போடுங்க."

உடனே வந்தது: "இருக்கேன்."

அன்று மாலை குளிக்கப் போகும்போது, யாரையும் கூப்பிடாமல், மெட்டியை நானே கழற்றி வைத்தேன்.