முதுகுக்குப் பின்னால் விழுந்த கோல்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் கால்பந்து ரசிகனாக இருப்பது கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி. தெருவில் யார் கையைப் பார்த்தாலும் டிரான்சிஸ்டர். எந்த டிரான்சிஸ்டரைத் திருகினாலும் கிரிக்கெட். நான் மட்டும் சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாந்தோம் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போவேன். அங்கே எங்கள் கிளப் தோற்பதைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது என் மன்னி, "இன்னிக்கும் தோத்தாச்சா?" என்று கேட்பாள். பால்காரன் வந்தாச்சா என்று கேட்கிற அதே குரலில்.

எங்கள் கிளப் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கென்று நிரந்தரமாக வந்து உட்காரும் கூட்டம் ஒன்று இருந்தது. ஒரு பஸ்ஸில் எல்லாருக்கும் உட்கார இடம் கிடைத்துவிடும், அவ்வளவு பேர். அதில் எனக்கு நெருக்கம் இரண்டு பேர். ஒருவர் மயிலாப்பூர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த பாய். ஊரில் பாதிப் பேருக்கு பெல்பாட்டம் தைத்தவர். தான் மட்டும் லுங்கியில்தான் வருவார். இன்னொருவர் கடற்கரைக் குப்பத்து மீனவர். எல்லாரையும் அவர் நைனா என்று கூப்பிட்டதால் நாங்களும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம். அவர் ஒரு குரல் கொடுத்தால் எதிர் அணி கோல்கீப்பர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

கிளப்பின் தலைவர் தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். நல்ல மனிதர். தாராளமான கை. கால்பந்து மட்டும் தெரியாது. யாரோ ஒரு பெரிய மனிதர் கல்யாண வீட்டில் வைத்து, கிளப்பை நீங்கள்தான் எடுத்து நடத்த வேண்டும் என்று சொல்ல, அண்ணாச்சியும் சாப்பாட்டுப் பந்தியிலேயே சரி என்று சொல்லிவிட்டாராம்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம், புடவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த தன் மச்சினனைக் கோச்சாகப் போட்டது. இரண்டாவது, கடையில் விலைபோகாமல் தங்கிவிட்ட ஜன்னல் திரைத் துணியில் எல்லாருக்கும் சட்டை தைத்தது. மெரூன் நிறத்தில் மஞ்சள் பூப் போட்ட துணி. தைத்தவர் எங்கள் பாய்தான். "நான் இன்னா பண்றது? துணி கொண்டாந்து குட்த்தாங்கோ, தெச்சேன். ஆட்டக்காரனுக்குன்னு சொல்லவே இல்ல. நான் நாடகக் கம்பெனின்னு நெனச்சேன்" என்றார். மழையில் ஆடிய ஒரு ஆட்டத்தில் அந்தச் சாயம் கரைந்து எதிர் அணியின் வெள்ளைச் சட்டையிலும் ஏறிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு யார் யாருக்குப் பந்து போடுகிறார்கள் என்றே தெரியாமல் ஆடினார்கள்.

மூன்றாவது காரியம்தான் எங்களால் தாங்க முடியாமல் போனது. இருந்தவர்களில் உருப்படியான ஆள் எங்கள் கோல்கீப்பர். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்.

"எல்லாவனும் வேர்த்து விறுவிறுத்து ஓடுதான். நீ மட்டும் என்னத்துக்குய்யா அந்தக் கம்புக்கு நடுவுல சும்மா நிக்க? நம்ம கடையில இப்படி ஒருத்தன் நின்னா நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிருவேன்."

அடுத்த ஆட்டத்தில் கோல்கீப்பர் ஓடினார். அணியில் இடம் போய்விடும் பயத்தில் நடு மைதானம் வரை ஓடிவிட்டுத் திரும்புவார். அவர் ஓடிப்போன நேரங்களில் எதிர் அணிக்காரர்கள் பந்தை நடந்தே கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள்.

நிர்வாகம் இப்படி என்றால், எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் வேறு வகை. அவரை ஹீரோ என்றுதான் சொல்வோம். சென்டர் பார்வர்ட். காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருஷம் முன்னால் அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான் நான் இந்தக் கிளப்பில் விழுந்தேன். அப்புறம் கோடம்பாக்கத்தில் யாரோ அவர் முகத்தைப் பார்த்து, கதாநாயகனின் கல்லூரிச் சினேகிதர்களில் ஒருவராக நிற்கச் சொல்லிவிட்டார்கள். படம் முடிகிறவரை தலைமுடி கலையக் கூடாது என்று உத்தரவு. அன்றிலிருந்து ஹீரோ பந்தைத் தலையால் முட்டுவதை விட்டுவிட்டார். கார்னரிலிருந்து அழகாகப் பந்து வரும். இவர் சுவாமி புறப்பாட்டுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி வழிவிடுவார். முகம் கறுத்துவிடும் என்று வெயிலிலும் நிற்க மாட்டார். மைதானத்து ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே நிற்பார். நிழல் நகர்ந்தால் இவரும் நகர்வார். எதிர் அணிக்காரர்கள் இதைக் கண்டுபிடித்து நிழலுக்கு இரண்டு பேரைக் காவல் போட்டார்கள்.

"டேய், மரத்த வுட்டு வெளில வாடா!" என்று நைனா கத்துவார். ஹீரோ திரும்பிப் பார்த்து, ரசிகர்களுக்குக் காட்டுகிற மாதிரி கையை உயர்த்திப் புன்னகைப்பார்.

தொடர்ந்து தோற்ற பிறகு ஒருநாள் பாயின் தையல் கடையில் கூட்டம் போட்டோம். என்ன செய்து எதிர்ப்பைக் காட்டுவது என்று பேச்சு. கறுப்புக் கொடி காட்டலாம் என்றார் நைனா. கறுப்புத் துணி வேண்டுமென்றால் அண்ணாச்சி கடையில்தான் சல்லிசு என்றார் பாய். அது சரிப்படவில்லை. உண்ணாவிரதம் என்று ஒருவர் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன்: "போவோம். ஆனா ஆட்டத்தப் பாக்க வேண்டாம். முதுகக் காட்டிண்டு உக்காருவோம். அவாளுக்கே உறைக்கும்."

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மதில் சுவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தோம். சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று பெரிதாக எழுதி, அதன் மேலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பின்னால் பந்து உதைபடும் சத்தம், விசில், கோச்சின் "பாத்து, பாத்து!" எல்லாம் கேட்டது. திடீரென்று மைதானம் முழுக்க ஒரு கூச்சல்.

"கோல் பா," என்றார் பாய், சுவரைப் பார்த்தபடியே. "யாரு போட்டது?"

"திரும்பாத!" என்றார் நைனா. "மானம் போய்டும்."

யாரும் திரும்பவில்லை. இன்னொரு கோலும் விழுந்தது. விசாரித்ததில் இரண்டையும் போட்டது எங்கள் ஹீரோதான் என்றும், இரண்டாவதைத் தலையால் முட்டிப் போட்டார் என்றும் சொன்னார்கள். அத்தனை நாளாக அந்தத் தலை பந்தைத் தொடாதா என்று காத்திருந்தவன் நான்.

எதிர்ப்பு அவர்களுக்கு உறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தபோது அண்ணாச்சி வேட்டியைத் தடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். கைகூப்பினார்.

"தம்பி, நீங்க முதுகக் காட்டுனீய பாத்தியளா, அதான் ராசி!"

"இல்ல அண்ணாச்சி, இது எதிர்ப்பு. உங்க நிர்வாகம் சரியில்லேன்னு..."

"என்னவா வேணா இருக்கட்டும். அடுத்த வாட்டியும் இப்படியே இருங்க."

நாங்கள் விடுவதாக இல்லை. அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்றே நேராக உட்கார்ந்து கண்ணால் பார்த்தோம். தோற்றது. அதற்கடுத்த ஆட்டத்துக்குப் போனால், சுவரைப் பார்த்த மாதிரி எங்களுக்கென்றே பெஞ்சு போட்டிருந்தது. கடையில் புடவை வாங்க வருகிறவர்கள் உட்காருகிற மெத்தை வைத்த பெஞ்சு. ஆளுக்கு ஒரு பொட்டலம் போண்டா. குடிக்கப் பன்னீர் சோடா.

"எதிர்ப்பு தெரிவிச்சா பலகாரம் குடுக்குறான். இன்னா கிளப்பு பா இது?" என்றார் பாய், போண்டாவைப் பிட்டபடி.

ஆனாலும் உட்கார்ந்தோம். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. நாங்கள் பார்த்தால் தோற்கிறது, பார்க்காவிட்டால் ஜெயிக்கிறது. கிளப் ஜெயிக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் தொண்டை வறளக் கத்தினோம்? அந்த ஜெயிப்பைக் கெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. சுவரைப் பார்த்தே ஆட்டத்தைக் கேட்கப் பழகினோம். ஒருமுறை பாய் ஆசை அடக்க முடியாமல் கடையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து அதில் பின்பக்கம் பார்த்தார். அந்த நிமிஷமே எங்களுக்கு எதிராக ஒரு கோல். கோச் ஓடிவந்து, பரீட்சையில் பிட்டைப் பிடுங்குகிற மாதிரி கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் மன்னியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த வாழைக்காயைக் கீழே வைத்துவிட்டாள். "பந்து பாக்கப் போயி சுவத்தப் பாத்துண்டு வரயா? அதுக்கு எதுக்கு சைக்கிள் மிதிச்சுண்டு சாந்தோம் வரைக்கும் போகணும்? ஆத்துல இல்லாத சுவரா?"

அடுத்த சனிக்கிழமையும் சைக்கிளை எடுத்தேன்.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் முதல் டிவிஷன். அன்று கூட்டம் கொஞ்சம் அதிகம். வழக்கம்போல நாங்கள் சுவரைப் பார்த்தோம். ஆளுக்கொரு கோல் என்று சமமாக இருந்து, முடியப்போகிற சமயத்தில் நீளமாக ஒரு விசில்.

"பெனால்டி!" என்று யாரோ கத்தினார்கள். "நம்மளுக்குத்தான்!"

நைனா எழுந்தார். "இத்த நான் பாக்கணும். கப்பலே முழுகினாலும் சரி." திரும்பி நின்றார். பாய் திரும்பினார். நான் திரும்பினேன். பெஞ்சு முழுக்கத் திரும்பியது. எவ்வளவு வெளிச்சமாக இருந்தது அந்த மைதானம்!

ஹீரோ பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் எங்களைப் பார்த்தார். பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார்.

"இன்னா இது? திரும்பி உக்காருங்க."

"மாட்டோம்," என்றார் நைனா. "நீ அடி, நாங்க பாக்குறோம்."

"நீங்க பாத்தா எனக்குக் கால் வராது."

நடுவர் வந்தார். பார்த்தால் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் போல இருப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பார்வையாளர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்றார். அதற்குள் எதிர் அணிக் கேப்டன் ஓடிவந்தார். "சார், அவங்க முதுகக் காட்டுனா நாங்க ஆட மாட்டோம். இங்கதான் பாக்கணும். எங்களுக்கும் விஷயம் தெரியும்."

"யோவ், உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா?" என்றார் நடுவர்.

அண்ணாச்சி வியர்த்துப்போய் வந்து சேர்ந்தார். "தம்பிமாரே, ஒரு நிமிசம் திரும்புங்க. உங்க காலுல வேணா விழுதேன்."

பாய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, கல்யாணத்துக்குப் போறே. தாலி கட்ற நேரத்துல செவுத்தப் பாத்துக்கினு நிப்பியா? சொல்லு."

அண்ணாச்சி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "நிக்க மாட்டேன்," என்றார். பிறகு அவரும் எங்கள் பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நடுவர் விசில் ஊதினார். ஹீரோ தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து உதைத்தார். பந்து கோல்கம்பத்துக்கு மேலே போயிற்று. அதற்குப் பின்னால் இருந்த மதிலுக்கும் மேலே போயிற்று. வெளியே ரோட்டில் அடையாறு பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு வைக்கோல் லாரியின் மேல் மெத்தென்று விழுந்தது. லாரி நிற்கவில்லை.

கிளப்பிடம் இருந்த இன்னொரு பந்தில் காற்று இல்லை. கோச் முதலில் ஓடினார். அப்புறம் மெரூன் பூச்சட்டை போட்ட ஆட்டக்காரர்கள், பிறகு நாங்கள். நான் சைக்கிளில் பாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் டிரைவர் நிறுத்தியிருந்தார். நாங்கள் மூச்சிரைக்கக் கேட்டதும் மேலே ஏறிப் பந்தை எடுத்துப் போட்டார்.

"எங்கேர்ந்து வருது இது?"

சொன்னோம்.

"அங்கேர்ந்தா?" என்றார். "எவனோ நல்லா ஒதச்சிகீறான்."

நாங்கள் திரும்பி வருவதற்குள் நடுவர் கடிகாரத்தைப் பார்த்து ஆட்டத்தை முடித்துவிட்டுப் போயிருந்தார். சமம். இரண்டாம் டிவிஷனிலேயே இன்னொரு வருஷம்.

ஹீரோ எங்கள் கண்ணேறுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வேறு கிளப்புக்குப் போய்விட்டார். அண்ணாச்சி தலைவர் பதவியை விட்டார். பெஞ்சைக் கடைக்கு எடுத்துப்போகும்போது, "பெனால்டின்னா என்னன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது தம்பி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு கெடக்கு, இது நமக்கு ஆகாது" என்றார். அவர் மச்சினன் மட்டும் போகவில்லை. எப்படியோ அவருக்கு ஆட்டம் பிடித்துப்போயிருந்தது. புடவைப் பிரிவில் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே மைதானத்துக்கு வந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தானே போடுவார்.

அடுத்த சீசன் தொடங்கியது. நாங்கள் மண்தரையில், மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். புதிதாக ஒரு சென்டர் பார்வர்ட் வந்திருந்தார். ஒல்லியான ஆள், நல்ல வேகம். முதல் பந்து வந்தது. கால் வைத்தார், பந்து அடியில் நழுவி வெளியே உருண்டது.

நைனா எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"டேய், இன்னாடா ஆடுறே?"