ஆண்டிபட்டியில் நிற்காத ஆல்பம்

ஆண்டிபட்டிக்கு அநியாயம் நடந்திருக்கிறது. தேனியில் 'கம்பிக்கூட்டம்' என்று நாலு பேர் சேர்ந்து, இரண்டு கிதார், ஒரு மேண்டலின், ஒரு வயலின், கரண்டு வாத்தியம் எதுவும் இல்லாமல், 'மேற்கே போற பஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார்கள். எல்லாம் அவர்களே கட்டிய நாட்டுப்புற மெட்டு. வீரபாண்டிக்கு ஒரு பாட்டு, சின்னமனூருக்கு ஒன்று, உத்தமபாளையத்துக்கு ஒன்று, கம்பத்துக்கு இரண்டு. ஆண்டிபட்டிக்கு ஒன்றுமில்லை. மதுரையிலிருந்து மேற்கே போகிற பஸ் எங்கள் ஊரைத் தொடாமல் தேனிக்கு எப்படிப் போகும்? அந்தத் தடத்திலேயே கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் கேட்கிறேன்.

முதலில் அவர்களுடைய இணையப் பக்கத்தில் கமெண்டாகத்தான் கேட்டேன். ஒரு சிரிப்புப் பொம்மை பதிலாக வந்தது. போன மாதம் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, கம்பத்தில் ஆல்பம் முழுவதையும் வாசிக்கப்போவதாக அங்கேயே போட்டிருந்தார்கள். நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

காலை பதினொரு மணிக்கு ஆண்டிபட்டியில் பஸ். தேனி பதினேழு கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கம்பம் பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மதியம் போகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. மலை இரண்டு பக்கமும் வரும்.

காதில் ஒயரை மாட்டி ஆல்பத்தைப் போட்டேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். சின்னமனூர்ப் பாட்டில் கிதார் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. வெளியே கடைவீதி நெரிசலில் எங்கள் பஸ்ஸும் அப்படியே நகர்ந்து நின்றது. உத்தமபாளையம் தாண்டி, வயல்களுக்கு நடுவே ரோடு நீண்டதும் மேண்டலின் ஓட்டம் எடுத்தது. டிரைவரும் மிதித்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மடியில் வாழைத்தாரோடு இருந்தவர், "என்னய்யா, கேரளா லாட்டரி விழுந்துருச்சா?" என்றார். ஒரு ஒயரை அவர் காதில் மாட்டினேன். கம்பம் வரை திருப்பித் தரவில்லை. அப்புறம் கச்சேரிக்கும் கூடவே வந்துவிட்டார்.

கச்சேரி பைபாஸ் பக்கம், திராட்சையைப் பெட்டியில் அடுக்கும் ஒரு ஷெட்டில். கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிகள்தான் இருக்கை. கைதட்டுவதில்லை என்ற முடிவோடு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. கால்கள்தான் தாளம் போட்டன.

கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்தேன். "ஆண்டிபட்டி எங்க?"

கிதார் வாசிக்கும் பாண்டி, தேனியில் வெங்காய மண்டி வைத்திருப்பவர், மைக்கிலேயே கத்தினார்: "கமெண்டுல சண்டை போட்ட பெரியவரு வந்துட்டாக!" ஷெட்டே சிரித்தது. "பஸ்ல உக்காந்து, வண்டி ஓடுற தாளத்துலதான்யா ஒவ்வொண்ணையும் கட்டுனோம். நாங்க ஏறுனது தேனியில."

"மதுரைப் பக்கமே போனதில்லையாக்கும்?"

வயலின் வாசிக்கும் ஜெபராணி, போடி ஜவுளிக்கடை வீட்டுப் பெண், முகத்தைப் பொத்திக்கொண்டார். "நான் வாராவாரம் போறேன்யா. ரயில்ல. ஆண்டிபட்டி வர்றப்ப தூங்கிருவேன்."

"அடுத்த ஆல்பத்துல பாத்துக்குவோம்யா" என்றார் பாண்டி.

"அடுத்ததுங்கிற பேச்சே கிடையாது. போன்லதான போட்டிருக்கீக? இதுலயே சேத்துருங்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து ஷெட்டின் இரும்புத் தூணில் தட்டினேன். மதுரையிலிருந்து வந்து, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும் வண்டியின் தாளம் அது: கனத்து, நெருக்கி, கியர் மாறும் இடத்தில் ஒரு மூச்சு விட்டு, மறுபடி நெருக்கி. உச்சியில் இரண்டு ஹாரன். அப்புறம் காற்றாலைகள் தெரியத் தெரிய, பிடி விட்டு இறக்கம். இரண்டாவது சுற்றில் ஜெபராணியின் வயலினும் கூடவே ஏறியது. கூட்டம் எழுந்து நின்றது. வாழைத்தார்க்காரர் விசிலடித்தார். நான் தட்டுவதை நிறுத்தினேன்.

"நிப்பாட்டு ஆத்தா. இங்கன வாசிக்காத."

"ஏன்யா, நல்லாத்தான வருது?"

"மத்த ஊருக்கெல்லாம் பஸ்ல போய்க் கட்டுனீக. எங்க ஊருக்கு மட்டும் ஷெட்டுல வச்சா? மதுரையில வந்து பஸ் ஏறுங்க."

"பெரியவரு டிக்கெட் எடுக்காம விடமாட்டாக போல!" என்றார் பாண்டி.

ஜெபராணி வயலின் வில்லை இறக்கினார். "வர்றோம்யா. முழிச்சுக்கிட்டே வர்றேன்."

ஊர் திரும்பும் வரை என் காதில் ஓடியது அந்த இறக்கம்தான்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கட்ட வருகிற அன்றைக்கு ஜெபராணி ரயிலில் ஏறக் கூடாது. மதுரையில் பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்கார வேண்டும். பாண்டி மண்டியை ஒருநாள் பூட்ட வேண்டும். டிரைவர் யாராக இருந்தாலும் கணவாயில் அவசரப்படக் கூடாது. பாட்டைக் குழுவினர் ஆல்பத்தின் கடைசியில் ஒட்டக் கூடாது. கிழக்கிலிருந்து வருகிற பஸ்ஸுக்கு அந்த ஊர்களுக்கெல்லாம் நாங்கள்தான் முன்னால். அதனால் முதல் பாட்டாக வைக்க வேண்டும். கம்பம் போகிற நீங்கள் கணவாயிலேயே அதைப் போட்டுவிட்டு, ஆண்டிபட்டியில் இறங்கி ஒரு டீயாவது குடிக்க வேண்டும்.

நான் கைதட்ட வேண்டும். பாட்டு வந்த பிறகு.