கீழ்வீட்டு முற்றத்தில் ஒரு டிஷ்

பள்ளிக்கூடமே போகாத என் அம்மா, ஊரில் ஒரு சமையல் போட்டிக்குத் தேர்வாகிவிட்டார். உள்ளூர் டிவியில் நேரலை.

"நீ பாக்கலேன்னா நான் எதுக்குடா போகணும்?" என்றார் போனில்.

கடல் கடந்து வெளிநாட்டில் இருந்த எனக்கு அந்தச் சேனல் இணையத்தில் கிடைக்காது; சாட்டிலைட்டில் மட்டும்தான் வரும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில், கிள்ளானில் நான் தங்கியிருந்த மாடி அறையின் பால்கனிக்கு அடக்கமாக ஒரு மடக்கு டிஷ் பார்த்து வாங்கினேன். ஊரில் மொட்டைமாடியில் வைத்தே பழகியவன், பால்கனிக்குக் கூரை இருப்பதை யோசிக்கவில்லை. போட்டியன்று மாட்டினால் சிக்னலே இல்லை. கூரை வானத்தை மறைத்தது.

டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். திறந்தவெளி என்று இருந்தது கீழ்வீட்டு ஆன்டியின் முற்றம்தான். அங்கே முழுக்க ஈரத்துணி. அதுவரை அவரிடம் பேசியதில்லை. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"துணி நாளைக்கும் காயும் லா தம்பி. உங்க அம்மா இன்னிக்குத்தானே வர்றாங்க? என் டிவியிலயே மாட்டுங்க" என்றபடி கொடியை அவிழ்த்தார்.

படம் வந்தபோது அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, புளித்தண்ணி சிந்துதே!" என்ற ஆன்டி, திரையை நோக்கிச் சத்தமாகச் சொன்னார்: "பயப்படாதீங்கக்கா, உங்க மகன் இங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு!"

அம்மா ஜெயிக்கவில்லை. ஆனாலும் அன்று போனில் ஆன்டியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அதற்குப் பிறகு கிள்ளானை அந்நிய ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.