எல்லாப் பாடத்திலும் ஏ ஸ்டார்

இன்று காலை மகளுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். அவள் படிப்பது பிரிட்டிஷ் பாடத்திட்டம் உள்ள இன்டர்நேஷனல் பள்ளி. எழுதிய எல்லாப் பாடங்களிலும் ஏ ஸ்டார். அங்கே அதற்கு மேல் கிரேடே கிடையாது.

துபாயில் வேலை பார்க்கும் கணவர் போனை எடுக்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சோழவந்தானில் இருக்கும் என் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ரொம்பச் சந்தோசம்மா. ஐநூறுக்கு எம்புட்டு?"

"மார்க்கு கிடையாதுண்ணே. எல்லாத்துலயும் ஏ ஸ்டார்."

"மார்க்கே போடலையா? அம்புட்டு பீஸ் வாங்குறாய்ங்கள்ல!"

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மாமாகிட்ட நானூத்தித் தொண்ணூறுன்னு சொல்லிருக்கலாம்லம்மா. சந்தோசப்பட்டிருப்பாங்க."

"எதுக்குப் பொய் சொல்லணும்? எம்புட்டுக் கஷ்டப்பட்டு எடுத்த கிரேடு!"

"அது உனக்குத் தெரியுமாம்மா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் சுருக்கென்றது. இரண்டு வருடமாக அவள் என்ன படித்தாள் என்று எனக்கும் தெரியாது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எந்தக் கேள்வி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, சொல்லு."

இயற்பியலில் ஒரு கேள்வியைப் படம் போட்டு விளக்கினாள்.

"புரிஞ்சுச்சா?"

"இல்ல. இன்னொரு தடவை சொல்லு."

காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மதுரையில் இந்தப் பாடத்திட்டத்தில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் வாங்க. எங்கள் வீட்டில் கொண்டாட ஆள் போதவில்லை.